இன்ஸ்பெக்டர் வந்துபோனால் காயம்

மைசூரில் நான் ஆசிரியையாக இருந்த முதல் நான்கு வருஷமும் என் சர்டிபிகேட் என் கையில் இருந்ததில்லை. தலைமை ஆசிரியையின் மர அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அந்த அம்மாளின் இடுப்பில் இருந்தது. சர்டிபிகேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பெயர் போட்ட காகிதத்தை நான் பார்ப்பதற்கு என்ன காரணம் எழுதுவது? ஒரு தடவை, "பார்ப்பதற்காக" என்றே எழுதிக் கொடுத்தேன். திமிர் என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எனக்குத் திமிர் உண்டு. இல்லையென்று நான் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் அந்த நான்கு வருஷமும் அதை மடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜூன் மாதமும் போய்க் கைகட்டி நின்றேன். என் ஊர் கொள்ளேகால். அப்போது அது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது, கோயம்புத்தூர் ஜில்லா. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றதும் கோயம்புத்தூரில்தான். மைசூரோ வேறு ராஜ்யம். அங்கே பாஸ் செய்தவள் இங்கே வந்தால் வருஷா வருஷம் சர்டிபிகேட்டின் பின்பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னொரு வருஷம் உயிர். இப்படி நான்கு தடவைதான். அதற்குள் கன்னடப் பரீட்சையில் தேறி, இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டினால் நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் அந்தக் காகிதத்தில் வேர்க்கடலை மடித்துக்கொள்ளலாம்.

கன்னடம் எனக்குத் தெரியாத பாஷை இல்லை. கொள்ளேகாலில் பிறந்தவர்கள் யாருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். ஆனால் எங்கள் ஊர்க் கன்னடத்தில் 'ஹ' கிடையாது. பால் எங்களுக்கு 'ஆலு', மைசூர்ப் பெரியவர்களுக்கு 'ஹாலு'. முதல் தடவை வாய்மொழிப் பரீட்சையில் நான் 'ஆலு' என்றதும் மூன்று பரீட்சகர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெயிலாக்கினால் ஆக்கிவிட்டுப் போகட்டும், எதற்குச் சிரிக்க வேண்டும்? இரண்டாம் தடவையும் பெயில். பிறகு தினமும் காலையில் உள்ளங்கையை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சுக் கையில் படுகிறதா என்று பார்த்து 'ஹாலு', 'ஹள்ளி', 'ஹுளு' என்று சொல்லிப் பழகினேன். பக்கத்துப் போர்ஷன்காரி எனக்கு இழுப்பு நோய் என்று நினைத்துத் துளசிக் கஷாயம் கொண்டுவந்தாள். மூன்றாம் தடவை தேறினேன். மிச்சம் இருந்தது மாதிரிப் பாடம் ஒன்றுதான். அதற்கு இருந்ததும் ஒரே ஒரு தவணை.

அது தவறிப் போனால் நான் எங்கே போவேன் என்பதில் சந்தேகமே இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் கணவர் இறந்துபோனார். அப்பா என்னைப் படிக்க அனுப்பினார், நான் படித்து முடிப்பதற்குள் அவரும் போய்விட்டார். மிச்சம் அண்ணன். அண்ணன் பட்டுப்பூச்சி வளர்த்தான். யுத்தத்தினால் பட்டுக்கு ஏகக் கிராக்கி. புழுவுக்கு வேளை தவறாமல் முசுக்கொட்டை இலை நறுக்கிப் போட வேண்டும், தட்டுகளைக் கழுவிக் காயவைக்க வேண்டும். அண்ணிக்கு நான்கு குழந்தைகள், ஐந்தாவதும் வரப்போகிறது. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு மூலையும் ஓர் அரிவாள்மணையும் தயாராக இருந்தன. மாதம் ஒரு கடிதம் வரும், எப்போது வருகிறாய் என்று. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை.

அதனால்தான் மாதிரிப் பாடத்துக்கு நாள் குறித்தவுடன் அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டேன். ஒரு வாரம் பொறுத்துச் செய்தி சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கை துறுதுறுத்தது, எழுதிவிட்டேன். எழுதியது இதுதான்:

"அண்ணாவுக்கு நமஸ்காரம். வருகிற வியாழக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். அவர் வந்துபோனால் எனக்குக் காயம் ஆகிவிடும். அதன் பிறகு என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஊருக்கு வரச்சொல்லி இனி எழுதவும் வேண்டாம்."

மைசூர் ஆபீஸ்களில் நிரந்தரம் என்பதற்குக் 'காயம்' என்பார்கள். கன்னடத்தில் அதுதான் வழக்கு. ஆசிரியைகள் அறையில் நாளெல்லாம் அந்தப் பேச்சுதான். இவளுக்குக் காயம் ஆயிற்றா, அவளுக்கு எப்போது காயம், போன வருஷம் வந்தவளுக்கு அதற்குள் காயமா, யார் சிபாரிசு. நான்கு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு, தமிழில் காயம் என்றால் ரத்தம் வருகிற சமாசாரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாடம். மூன்றாம் வகுப்பு, முப்பது பெண்கள். பட்டுப்புழுவைப் பற்றி எடுத்தேன். எனக்குத் தெரிந்த விஷயம், கூடுகளை ஒரு தட்டில் வைத்துக் காட்டவும் முடியும். இன்ஸ்பெக்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரிகைத் தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. பக்கத்தில் தலைமை ஆசிரியை, என் சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு. என்னுடைய இடத்துக்குத் தன் தங்கை பெண்ணைக் கொண்டுவர வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ஆசை. அதை அவள் ஒளித்ததும் இல்லை. நான் ஒவ்வொரு தடவை புழுவை 'ஹுளு' என்று சொல்லும்போதும் இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். முப்பது பெண்களும் நன்றாகப் பதில் சொன்னார்கள். கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் பத்து நிமிஷம்தான்.

அப்போது வாசலில் அண்ணன் வந்து நின்றான்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்கள் சேவகனிடம் சொல்லாமல் உள்ளே வர முடியாது. அன்றைக்குச் சேவகன் இன்ஸ்பெக்டரின் குடையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றான், கேட்டில் ஆள் இல்லை. அண்ணன் கையில் ஒரு துணி மூட்டை. தலையெல்லாம் கரிப்புகையில் ஓடும் யுத்தகால பஸ்ஸின் தூசு. நேராக வகுப்புக்குள் வந்தான்.

"எங்க அடி பட்டுச்சு அம்மிணி? கையிலயா, கால்லயா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒன்றுமில்லை அண்ணா, வெளியே போய் உட்கார்" என்றேன். அவன் போகவில்லை. பின்னால் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"இவருதானா அந்த இன்ஸ்பெக்டரு? பொம்பளப் புள்ளையக் காயம் பண்றதுக்கு இவரு ஆரு?"

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. மானம் போனது ஒரு பக்கம் இருந்தாலும், நெஞ்சில் ஏதோ இளகத்தான் செய்தது. நாற்பது மைல் வந்திருக்கிறான். மூட்டையில் மஞ்சளும் விளக்கெண்ணெயும் பழைய வேட்டிக் கிழிசலும் இருந்ததைப் பிறகு பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, என்ன விஷயம் என்று கன்னடத்தில் கேட்டார். அண்ணன் இடுப்பிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, படிக்கச் சொன்னார். அண்ணன் உரக்கப் படித்தான். "அவர் வந்துபோனால் எனக்குக் காயம் ஆகிவிடும்" என்ற வரியை இரண்டு தடவை படித்தான்.

அந்த ஒரு சொல் இன்ஸ்பெக்டருக்கு நன்றாகவே புரிந்தது. எந்த அர்த்தத்தில் எழுதினேனோ அதே அர்த்தத்தில் புரிந்தது.

"காயம் ஆகத்தா?" என்றார் என்னைப் பார்த்து. "நானு ருஜு ஹாக்கோக்கே முஞ்சேனே?"

நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே நிரந்தரமாகிவிட்டாயா என்று கேட்கிறார். மூன்று ஜில்லாவுக்கு அதிகாரி, அவர் என்ன முடிவெடுப்பார் என்று சம்பளத்துக்கு இருக்கிற ஒரு வாத்திச்சி ஊருக்குக் கார்டு போட்டிருக்கிறாள். பாடம் எப்படி என்று அதற்கப்புறம் அவர் யோசிக்கவே இல்லை. தலைமை ஆசிரியை, இவள் எப்போதும் இப்படித்தான் என்று மெல்லச் சொன்னாள். 'பார்ப்பதற்காக' என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தாள், அதையும் எடுத்துக் காட்டினாள்.

ஆபீஸ் அறையில் அரைமணி நேரம் நிற்க வைத்தார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் சொன்னது, தணிக்கைப் புத்தகத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் யோசிக்கிறேன் என்பது. தணிக்கைப் புத்தகம் பள்ளிக்கூடம் இருக்கிறவரை இருக்கும். அடுத்து வருகிற ஒவ்வொரு அதிகாரியும் அதைப் புரட்டிப் பார்ப்பார். இன்ஸ்பெக்டரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆனால் நான் என்ன செய்தேன்? எழுதினேன். மேலதிகாரியின் தீர்மானத்தை முந்திக்கொண்டு கர்வத்தோடு நடந்தது என் தப்பு, இனி நடக்காது என்று கன்னடத்தில் எழுதினேன். அதிலும் ஓர் எழுத்து சரியில்லை என்று சிவப்புப் பென்சிலால் சுழித்து, திரும்ப எழுதச் சொன்னார். திரும்ப எழுதினேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். நிரந்தரம் என்று முத்திரையும் விழுந்தது. முத்திரை மை காயுமுன் தலைமை ஆசிரியை சர்டிபிகேட்டை எடுக்கப் பார்த்தாள். "இனிமேல் அது என்னிடம் இருக்கும்" என்று சொல்லி அவள் விரல்களுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டேன். ஓரம் கொஞ்சம் கிழிந்தது.

அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். மன்னிப்பு எழுதினதைச் சேவகன் அதற்குள் அவனிடம் சொல்லியிருந்தான். சாயங்கால பஸ்ஸுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஹோட்டலில் தோசை வாங்கிக் கொடுத்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வேற்றுப் பாஷைச் சொல்லை வீட்டுக் கார்டில் எழுதின தப்பு என்னுடையது. நமக்காகப் பதறி ஓடிவர ஓர் ஆள் இருக்கிறான் என்றுகூட நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் கரி அடுப்பை ஊதி ஊதி பஸ்ஸைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரமாகும் போலிருந்தது. "உனக்கு வீண் அலைச்சல் அண்ணா, அந்தச் சொல்லுக்கு இங்கே வேறே அர்த்தம்" என்றேன்.

"அது தெரியும்" என்றான் அவன், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே. "போஸ்ட் மாஸ்டரு அன்னிக்கே சொல்லீட்டாரு. மைசூருக்காரங்க நெரந்தரத்தத்தான் அப்படிச் சொல்றாங்கன்னு."

"தெரிந்துதான் வந்தாயா?"

"நெரந்தரம்னு ஆயிப்போச்சுன்னா அப்பறம் நீ எங்க வருவெ? உங்க அண்ணி ஒருத்தியா எத்தனை தட்டுக் கழுவுவா? வந்து ஒரு சத்தம் போட்டா, அவங்களே வேண்டாம்னு அனுப்பீருவாங்கன்னு பாத்தேன்." வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே ஆச்சரியம் அவன் முகத்தில். "மன்னிப்பெல்லாம் எழுதிக் குடுத்தாவது நீ இங்கயே இருந்துக்குவேன்னு நா நெனைக்கல அம்மிணி."

அந்த மஞ்சளும் எண்ணெயும் கிழிசலும்கூட யாராவது மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்திருக்கிறான். இன்ஸ்பெக்டர்மேல் எனக்கிருந்த ஆத்திரம், தலைமை ஆசிரியை மேலிருந்த வயிற்றெரிச்சல், எல்லாம் அந்த இடத்தில் சின்னதாகப் போய்விட்டது. அவர்கள் அந்நியர்கள்.

"இனி நீ வராதே. நானும் வரமாட்டேன்" என்றேன்.

"கோவத்துல பேசாதெ" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொண்டான்.

நான் போகவில்லை. ஐந்தாவது குழந்தை பிறந்ததற்கும் போகவில்லை, அடுத்தடுத்து நடந்த எதற்கும் போகவில்லை. வெகு வருஷம் கழித்து, ஒரு நாள் முதல் மணி அடித்த சமயத்தில், அவன் இறந்துபோன தந்தி பள்ளிக்கூடத்துக்கே வந்தது. நிரந்தர ஆசிரியைக்கு உடன்பிறந்தவர் சாவுக்கு லீவு உண்டு. அப்போது தலைமை ஆசிரியையாக வந்திருந்த சின்னப் பெண் நல்லவள். லீவு விண்ணப்பத்தை அவளே எழுதி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். அதை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாக்கட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.