வேம்புலியின் மூஞ்சிக் கொள்கை

"மூஞ்சி இல்லாத டிசைனு ஒண்ணு என் கையால வெளிய போவாது. இந்த லைன்ல நான் கீற வரைக்கும் போவாது. எழுதி வெச்சுக்க!"

நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பேனர் கடையின் நிறுவனரும், மேலாளரும், ஒரே ஊழியருமான வேம்புலி, ஒரு ஆயுத பூஜையன்று சூடத்தட்டைக் கையில் ஏந்தியபடி செய்த பிரகடனம் இது. கடையின் மறுபாதியில் ஜெராக்ஸ் மிஷின் வைத்திருக்கும் அப்துல் ரசாக் இதற்கு சாட்சி. சுண்டல் வாங்க வந்திருந்த பதினோரு பேரும் சாட்சி.

கொள்கை சும்மா பிறக்கவில்லை. வேம்புலியின் பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயலில் இப்போது ஐந்து மாடி அடுக்ககம் நிற்கிறது. பதினேழு வயதில் ஆவடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்த வேம்புலி, தலை வெட்டுவதில் பெயர் எடுத்தார். ஒரு முடிகூடச் சேதமாகாமல் தலையைத் தனியே எடுத்துவிடுவார். வெளியூர் வாசகர்கள் பதற வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

அப்படி வெட்டிய தலைகள் அவரிடம் பதினாலாயிரம் உள்ளன. கும்பிடும் மூஞ்சி, செல்போன் பேசும் மூஞ்சி, கூலிங்கிளாஸ் மூஞ்சி, மாலை போட்ட மூஞ்சி என்று வகை பிரித்து வைத்திருக்கிறார். யாராவது காலமானால் மூன்றாம் வகையிலிருந்து நான்காம் வகைக்கு ஒரே இழுப்பில் மாற்றிவிடுவார். திருநின்றவூர் முதல் பட்டாபிராம் வரை காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் செய்த எவரும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தப்பியதில்லை. அரசாங்கத்திடம்கூட இவ்வளவு தெளிவான படங்கள் இருக்குமா என்பது ஐயமே.

இந்த நிலையில்தான் சாவித்திரி வந்தார். கோவில்பட்டிக்காரர். அந்த ஐந்து மாடியில் மூன்றாவது மாடி. நகரத்தில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாகக் காலை ஏழு நாற்பத்தெட்டு லோக்கலில், பெண்கள் பெட்டியில், உட்கார இடம் கிடைக்காமல் போய் வருகிறார். நின்றுகொண்டே செல்போனில் தட்டித் தட்டி ஒரு புத்தகமும் எழுதி முடித்துவிட்டார். 'நின்றபடி பத்தொன்பது ஆண்டுகள்' என்பது தலைப்பு. 'நிற்பவள்' என்பது புனைபெயர். அச்சு கிடையாது, மின்னூல். வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏற்ற வேண்டும். அட்டைதான் பாக்கி.

"எத்தினிக்கு எத்தினி மேடம்?" என்றார் வேம்புலி.

"ஆயிரத்து அறுநூறுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூத்தி அறுபதுண்ணே."

"மாமே, அடியா இருந்தா அடுத்த ரயில்வே கேட்டு வரைக்கும் கட்டலாம்," என்றார் ரசாக், ஜெராக்ஸ் மிஷினுக்கு அப்பாலிருந்து.

"பாய், அது பிக்ஸலு. நீ பேப்பர் சிக்கிகிச்சு பாரு, அத எடு."

மறுநாள் காலை முதல் அட்டை தயார். சாவித்திரியின் வாட்ஸ்அப் படத்திலிருந்து வெட்டிய முகம், முக்கால் அட்டைக்கு. தலைக்குப் பின்னால் சூரியோதயம். இடது காதிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டு வலது தோளில் நின்றது. நான்கு மூலையிலும் புறா. அடியில், 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்'.

சாவித்திரி சுவரைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் உதவியது.

"அண்ணே, என் முகம் வேண்டாம்ணே."

"மூஞ்சி இல்லேன்னா எழுதுனது யாருன்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியக் கூடாதுண்ணே! அதுக்குத்தானே புனைபெயரே!"

பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் பத்மா என்பவரைப் பற்றியது. பத்மா திருநின்றவூரில் ஏறுவார். வழியில் ஏறப்போகும் ஐந்து தோழிகளுக்காக ஒரு முழு இருக்கையைக் கைக்குட்டை, குடை, டிபன் பை ஆகியவற்றால் பிடித்து வைப்பார். ஒருமுறை முருங்கைக்கீரைக் கட்டு ஒன்று அம்பத்தூர் வரை ஜன்னலோரத்தில் அமர்ந்து சென்றது. சாவித்திரி அதன் பக்கத்தில் நின்று சென்றார். பெயரை மாற்றியிருந்தாலும், கீரையை மாற்ற மனம் வரவில்லை.

"எழுதினது நான்னு தெரிஞ்சா அந்தப் பெட்டியில எனக்கு நிக்கக்கூட இடம் இருக்காதுண்ணே. ரிட்டயர் ஆக இன்னும் பதினொரு வருஷம் இருக்கு."

வேம்புலி உருகினார். ஆனாலும் கொள்கை கொள்கைதான். "உங்க மூஞ்சி வேணாம்னா வுடுங்க. வேற மூஞ்சி போட்டுக்கலாம்."

அன்று மாலை இரண்டாவது அட்டை பிறந்தது. மின்சார ரயில் ஒன்று, எட்டு ஜன்னல், எட்டு ஜன்னலிலும் சிரிக்கும் பெண்கள். எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சொந்தச் சரக்கு. எந்த டிசைன் முடிந்தாலும் அதை உடனே தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேம்புலியின் தொழில் மரபு. அதையும் செய்தார். 'விரைவில்! மின்னூல்!' என்று மேலே எழுதி, மூன்று நெருப்புப் படமும் சேர்த்தார்.

வேலை முடிந்து வந்த சாவித்திரி திரையைப் பார்த்தார். மூன்றாவது ஜன்னலில் அவர் பார்வை நின்றது.

"அண்ணே... இது யாரு?"

"அது நம்ம கஸ்டமரு, பேரு டக்குனு வர்ல. போன வருஷம் பொண்ணுக்கு மஞ்ச நீராட்டு வெச்சாங்க. பன்னெண்டுக்கு எட்டு பேனர் அடிச்சுக் குடுத்தேன். நல்லா சிரிச்ச மூஞ்சி."

ரசாக் எட்டிப் பார்த்தார். "அடேய், திருநின்றவூர் பத்மாக்காடா!"

ஜெராக்ஸ் மிஷின் யாருடைய ஆதார் அட்டையையோ துப்பிக்கொண்டிருந்தது.

"ஸ்டேட்டஸ் வேற போட்டுகீறியே மாமே," என்றார் ரசாக், உதவி செய்யும் நோக்கத்தோடு.

வேம்புலி செல்போனைப் பிடுங்கி எடுத்தார். பார்த்தவர்கள் அறுபத்து மூன்று பேர். பட்டியலில் ஏழாவதாகப் பத்மா. வெறுமனே பார்த்துவிட்டுப் போகவுமில்லை, பதிலும் போட்டிருந்தார்: 'அண்ணா சூப்பர்!!! நா எதுக்கு ரயில்ல கீறேன்? இன்னா புக்கு? எங்க கெடைக்கும்? பிரண்ட்ஸுக்குலாம் சொல்ட்டேன்.'

சாவித்திரி, வாடிக்கையாளர்களுக்கான ஸ்டூலில் உட்கார்ந்தார். நெமிலிச்சேரியில் அவர் உட்கார்ந்து ரசாக் பார்த்தது அதுவே முதல் முறை.

"அந்த அம்மா படிச்சா மூணாம் அத்தியாயத்துலேயே கீரையைக் கண்டுபிடிச்சிரும்ணே. அப்புறம் எழுதினது யாருன்னு பெட்டி பெட்டியாத் தேடும்."

வேம்புலி ஸ்டேட்டஸை அழித்தார். பத்மாவுக்கு என்ன பதில் போடுவது என்று கால்மணி நேரம் யோசித்தார். கடைசியில் தட்டினார்: 'அது பல்லு டாக்டர் வெளம்பரம்க்கா. சிரிச்ச மூஞ்சி கேட்டாங்க. மின்னூல்னு தப்பா அடிச்சுட்டேன். பார்ட்டி கேன்சல் பண்ணிட்டாங்க.'

உடனே பதில் வந்தது: 'பரவால்லண்ணா. வேற இன்னா போட்டாலும் நம்ம மூஞ்சி போடு. தெனம் பாத்துகினே இருப்பேன்.'

ஆபத்தின் அளவு இப்போது முழுமையாகப் புலப்பட்டது. இனி ரயில் படத்தில் எந்த மூஞ்சி தெரிந்தாலும், அது தன்னுடையதா என்று பத்மா பெரிதாக்கிப் பார்ப்பார். பார்த்தால் தொடுவார். தொட்டால் புத்தகம் திறக்கும்.

"அட்டையே வேண்டாம்ணே, புத்தகமும் வேண்டாம்," என்று சாவித்திரி எழுந்தார். "பத்தொன்பது வருஷம் வெளிய சொல்லாமத்தானே நின்னேன். இனியும் அப்படியே நின்னுக்கறேன்."

வேம்புலி எழுந்து போய்க் கடையின் ஷட்டரைப் பாதி இழுத்தார்.

"மேடம், இந்த ஷட்டரு கைப்பிடிய ரயில்ல புடிக்கிற மாதிரி புடிங்க. வாட்ச்ச கழட்டிருங்க. மோதரமும் வேணாம். பத்மாக்கா கண்ணு கேமரா கண்ணு."

சாவித்திரி பிடித்தார். வேம்புலி ஒரே ஒரு படம் எடுத்தார். ரயிலில் பிடிப்பது போலவே இருந்தது. விரல்கள் வெளுத்து, மணிக்கட்டு சற்றே சாய்ந்து, ஆவடியில் ஏறும் கூட்டத்துக்கு முன்கூட்டியே தயாரான பிடி.

சாவித்திரி வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மணி நேரம் வேலை நடந்தது. மணிக்கட்டோடு கையை வெட்டினார். ரயில் பெட்டியின் கூரையிலிருந்து தொங்கும் வளையங்களை வரிசையாக வரைந்து, அவற்றில் ஒன்றில் மட்டும் அந்தக் கையை மாட்டினார். கீழே தலைப்பு. அதற்கும் கீழே, சின்னதாக, 'நிற்பவள்'. மீதி இடம் முழுக்க வெள்ளை. இருபத்தாறு ஆண்டுத் தொழிலில் அவர் வெள்ளையை அப்படியே விட்டது அதுவே முதல்முறை. இரண்டு தடவை புறா இருக்கும் இடத்துக்கு மௌஸ் போய்த் திரும்பி வந்தது.

ரசாக் கடையைச் சாத்தும்முன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமே, கை மட்டும் கீது? மூஞ்சி எங்க?"

"லோடாவுது பாய். செத்த இரு."

ரசாக் நம்பிக்கையோடு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வேம்புலி படத்தைச் சாவித்திரிக்கு அனுப்பினார். இரண்டு நீல டிக் விழும்வரை பார்த்தார். பிறகு, ஸ்டேட்டஸில் எதுவும் போடாமல், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டீ சொல்லப் போனார்.