பழைய சப் ஜெயிலும் முதல் சால்வையும்

சிறையை மியூசியமாக மாற்றினால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், வாசலில் டிக்கெட் கிழிப்பார்கள், தாழ்ப்பாள் மட்டும் வெள்ளைக்காரன் காலத்துப்படியே வேலை செய்யும் என்று நம்பியிருந்தேன். என் பழிவாங்கும் திட்டம் முழுக்க அந்தத் தாழ்ப்பாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பழிவாங்க வேண்டியது என் சகலையை. என் மனைவியின் தங்கை புருஷன். வேங்கிக்காலில் மைத்துனன் கட்டிய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மாப்பிள்ளைகளுக்குச் சால்வை போட்டார்கள். முதல் சால்வை மூத்தவனான எனக்கு. மைத்துனன் விரித்துக்கொண்டு வரும்போதே சகலை குறுக்கே கழுத்தை நீட்டிவிட்டார். இன்னொரு சால்வை எங்கே போனதோ, அவசரத்துக்கு என் தோளில் ஒரு குளியல் துண்டு விழுந்தது. பச்சை நிறம்.

"கிரிவலம் போனா வேர்வை தொடைக்க ஆச்சுண்ணா" என்றார் சகலை. பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அந்தத் துண்டைத் துவைக்காமல் பீரோவில் வைத்துக்கொண்டேன், கோபம் சாயம் போய்விடக் கூடாதே என்று.

எங்கள் ஊர்ப் பழைய சப் ஜெயிலில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நிஜக் கைதிகள் இருந்தார்கள். கைவிலங்கோடு கோர்ட்டுக்கு நடத்திக் கூட்டிப்போவதை வேடிக்கை பார்ப்போம். ஜெயில் வேறு இடம் போனதும் உடைந்த ஆபீஸ் நாற்காலிகளை அங்கே அடைத்தார்கள், பிறகு வௌவால்கள் வந்தன, இப்போது மியூசியம். ஓர் அறையில் நடுகற்கள், ஓர் அறையில் செப்புப் பாத்திரங்கள். கடைசி அறையை மட்டும் இருந்தபடியே விட்டிருக்கிறார்கள். கனமான மரக்கதவு, முகமளவுக்கு ஒரு கம்பித் துவாரம். தாழ்ப்பாள், கதவைத் தாண்டி நீண்டு சுவர்த் துளைக்குள் போய் உட்காரும் வகை. உள்ளே இருப்பவன் கை அதற்கு எட்டாது. முன்கூட்டியே தனியாகப் போய் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன். போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பௌர்ணமிக்கு மலை சுற்ற சகலை வந்தார். வெயில் தாழட்டும் என்று சொல்லி மியூசியத்துக்கு இழுத்துப்போனேன். அவரை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட வேண்டும். அவர் அழுவதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

"உள்ள போய் நில்லுப்பா, போட்டோ எடுக்கிறேன்."

"நீங்க முதல்ல போங்கண்ணா. மூத்த மாப்பிள்ளை நீங்க இருக்கும்போது நான் முந்துனா மரியாதையா இருக்குமா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். பின்னால் சகலை கதவைச் சாத்தினார். டங்கென்று தாழ்ப்பாள் ஓடியது.

துவாரக் கம்பியைப் பிடித்து இழுத்தேன். கதவு அசையவில்லை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். இந்தப் பௌர்ணமிக் கூட்டத்தில் அவர் திரும்ப அடுத்த பௌர்ணமி ஆகிவிடும். பிரஷர் மாத்திரை வேறு வீட்டில். சுவரில் எவனோ நாள் எண்ணிக் கீறிய கோடுகள். என் முதல் கோட்டுக்கு இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

"தொறப்பா! மூச்சு வரல!"

"பேச்சு நல்லா வருதேண்ணா." துவாரத்தில் அவருடைய போன் எட்டிப் பார்த்தது. "இனிமே விசேஷத்துல முதல் சால்வை யாருக்கு?"

"உனக்குத்தான்!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"அண்ணாமலையார் சத்தியமா உனக்குத்தான்டா!"

கதவு திறந்தது. திறந்தவர் சகலை இல்லை. மலை சுற்ற வந்த ஓர் அம்மா. "இந்த ரூம்ல என்ன வச்சிருக்காங்க?" என்று தலையை நீட்டினார். வேர்த்து வழிந்துகொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் வந்தவர்களிடம், "ஒண்ணும் இல்ல, வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சகலையும் வாயைப் பிளந்தார். அப்போதுதான் கவனித்தோம், யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று மியூசியக்காரர்கள் தாழ்ப்பாளின் முனையை அறுத்து எடுத்திருக்கிறார்கள். அது சுவரைத் தொடவே இல்லை. கதவு வெளிப்பக்கம் திறப்பது. நான் உள்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

வீடியோ அன்றே குழுவுக்குப் போய்விட்டது. மைத்துனன் மகளின் காதுகுத்தில் முதல் சால்வையைச் சகலைக்குத்தான் போட்டார்கள்.