தையல் பிரித்த அட்டைகள்

அம்மாவின் குரல் பேருந்து நிறுத்தம்வரை கேட்கும். வாய்ப்பாட்டில் ஒரு வரி அவர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மாதா கோயிலில் மைக் கெட்டுப்போனால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று அப்பா லூர்துசாமி கேலி செய்வார். அம்மா பெயர் முத்தம்மாள். குடிகாட்டுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவார்.

2007இல் செயல்வழிக் கற்றல் வந்தது. புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒரு படம்: முயல், ரயில், பூ. சுவரில் ஏணி வரைந்த தாள். தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே அதில் பார்த்து, அதே படம் ஒட்டிய தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது, பாய்தான்.

அம்மா முதல் வாரமே அட்டைகளைப் படி வரிசையில் அடுக்கி, கோணி ஊசியால் தைத்துவிட்டார். பாடத்துக்கு ஒரு கட்டு. பிறகு பழையபடி முதல் பக்கத்திலிருந்து, எல்லோரும் சேர்ந்து, சத்தமாக. பார்வையிட வந்த பயிற்றுநர் இளவரசு காலித் தட்டுகளையும் தைத்த கட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

“டீச்சர், புஸ்தகமாக்கிட்டீங்களே.”

“தனித்தனியா கெடந்தா தொலைஞ்சிடும் தம்பி. நாளைக்கு என்னத்தான கேப்பீங்க?”

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நூலைப் பிரிக்கவில்லை.

அடுத்த ஆண்டு கழுத்தில் கட்டி. தைராய்டு. நான் அப்போது சிதம்பரத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியியல் கடைசி வருடம். அறுவை சிகிச்சையும் சிதம்பரத்திலேயே நடந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான். ஆனால் குரல்நாணை இயக்கும் நரம்பு அதோடு ஒட்டியிருந்தது. மயக்கம் தெளிந்து என் பெயரைச் சொன்னார். காற்று மட்டும் வந்தது. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். திரும்பவில்லை.

ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. தலைமையாசிரியர் கோவிந்தசாமி வீட்டுக்கே வந்தார். குரல் இல்லாமல் வகுப்பு எடுக்க முடியாது, மருத்துவச் சான்று கொடுத்து அலுவலக வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டு என் காதருகே வந்தார்.

“ஃபைலுக்கு வாய்ப்பாடு சொல்லித் தரணுமா நானு?”

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. வகுப்பைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த கட்டுகளைக் கூடத்தில் பரப்பினார். கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். நான் முயலை முயலோடும் ரயிலை ரயிலோடும் சேர்த்தேன். ஓரத்தில் ஊசித் துளைகள் அப்படியே இருந்தன.

எனக்குத் தேர்வுக்கான விடுமுறை வந்தபோது ஒரு நாள் அம்மாவோடு பள்ளிக்குப் போனேன். கண்டக்டரிடம் ஊர் பெயர் சொல்லக்கூட ஆள் வேண்டுமே என்ற பயம். வகுப்பில் அந்தப் பயத்துக்கு வேலை இருக்கவில்லை. ஒரு குழு புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்தது. ஒரு குழு மணி கோத்தது. சிலர் தரையை ஒட்டிய கரும்பலகையில் எழுதினார்கள். எழுதி முடித்த தாள்கள் தலைக்கு மேல் கம்பியில் தொங்கின. அம்மா பாயில் நகர்ந்து நகர்ந்து போனார். ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்துப் பதினோராவது கொட்டையைத் தனியே தள்ளிவைத்தார். அவர் கிசுகிசுப்பாகக் கேட்டதால் பிள்ளைகளும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அறை முழுக்க அந்த ஒலிதான், கொட்டைகள் உரசும் ஒலியோடு.

அன்றைக்குத்தான் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ராஜாமணி சார் வந்தார். அம்மா வகுப்பில் நீடிக்கலாமா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று, எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று உரக்கக் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வகுப்பு சுவேதா எழுந்து அவர் அருகே போனாள்.

“மெதுவா கேளுங்க சார். இங்க எல்லாரும் மெதுவாதான் பேசுவோம்.”

அவர் குனிந்தார். அவள் அவர் கையைப் பிடித்து ஏணித் தாளிடம் கூட்டிப்போய்த் தன் படியைக் காட்டினாள். தட்டிலிருந்து ரயில் அட்டையை எடுத்து, கழித்தல் கணக்கைக் கொட்டை வைத்துப் போட்டுக் காண்பித்தாள். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஓரத்துல இன்னா ஓட்டை?”

“அதுவா? டீச்சர் தெரியாம தெச்சிட்டாங்க.”

அம்மா தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லை. ராஜாமணி சார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். மதிய மணி அடிக்கும்வரை எழவில்லை. போகும்போது கோவிந்தசாமி சாரிடம் மாறுதல் தேவையில்லை என்றார். அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னார்.

2012 மே மாதம்வரை அதே பாயில் இருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் மாரடைப்பில் போய்விட்டார்.

கோவிந்தசாமி சார் பிள்ளைகளை வேனில் அழைத்துவந்தார். அம்மாவைச் சுற்றி நின்று அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டார்கள். யார் முதலில் பூ வைப்பது, யார் எந்தப் பக்கம் நிற்பது. எவ்வளவு அடக்கமான பிள்ளைகள், சாவு வீடு என்று தெரிந்து பேசுகிறார்கள் என்றார் தங்கம்மாள் அத்தை. நான் திருத்தவில்லை.

கடைசியாக வந்த ஒரு சின்னப் பெண் என் சேலையை இழுத்தாள்.

“அக்கா, செருப்ப எங்க விடறது?”

காதை அருகே கொண்டுபோனால்தான் கேட்டது. வாசலுக்கு இடப்பக்கம் என்று நானும் அவள் காதில் சொன்னேன்.