தையல் கடையில் பதிவான மெட்டு

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், மணி இரண்டு பத்துக்கு. யாருக்கு நடந்ததோ அவள், பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தாலே சிரிக்கிற ஆள். தன் காதைத் தவிர வேறு எதையும் நம்பாதவள். அவளே சொன்னதால்தான் இதை நம்ப வேண்டியிருக்கிறது.

தெரிந்தவர்கள் எல்லாரும் அவளைக் காதுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மாடி வீட்டு மிக்ஸி எந்தச் சுருதியில் ஓடுகிறது என்று அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள். வேலையும் அதற்கேற்ற வேலைதான். மெட்டு தோன்றியவர்கள் அதைக் கைபேசியில் முனகி அனுப்புவார்கள். அவள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு மிடியாக மாற்றித் தருவாள். மிடி என்பது சத்தம் இல்லை, வெறும் குறிப்பு. எந்த நோட்டு, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பது மட்டும் அதில் இருக்கும். அதைக் குழலுக்குக் கொடுத்தால் குழல் வாசிக்கும், வயலினுக்குக் கொடுத்தால் வயலின். மாற்றுகிற மென்பொருள் இருமலையும் நோட்டு என்று நினைத்துக்கொள்ளும், கதவு கிறீச்சிட்டால் அதையும் எழுதிவைக்கும். அப்படி வந்த குப்பையைப் பொறுக்கி எடுப்பதுதான் அவள் காதின் வேலை.

வீட்டின் கடைசி அறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் முட்டை அட்டையும் ஒட்டியிருந்தாள். அவள் கணவர் அதைக் கோழிப்பண்ணை என்பார். பஸ் டிப்போவில் இரவு ஷிஃப்ட் மெக்கானிக். பகலில் அடுத்த அறையில் தூங்குவார். கோழிப்பண்ணையின் கதவைச் சாத்திவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பதினான்கு வருடமாக ஊரார் மெட்டை ஊட்டி வளர்த்தும் அவளுக்கென்று ஒரு மெட்டுகூடப் பிறக்கவில்லை. அந்தக் குறை அவளுக்கு உண்டு. வெளியே சொல்லமாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஒரு இசையமைப்பாளர் போன் செய்தார். ஒரு விளம்பரத்துக்குப் பன்னிரண்டு வினாடி மெட்டு வேண்டுமாம். தனக்கு எதுவும் ஓடவில்லையாம். "நீயே ஒன்னு போட்டுப் பாரேன். நல்லா இருந்தா உன் பேரே வரும். வியாழன் அஞ்சு மணிக்குள்ள அனுப்பு."

உன் பேரே வரும். இரவு முழுக்க அவள் காதில் அதுதான் ஓடியது. மெட்டு மட்டும் வரவில்லை.

அந்தப் போன் வருவதற்கு முந்தைய நாள் ஒரு டீச்சர் வந்திருந்தார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டையில் முடிந்து ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தார். அவருடைய தம்பி தையல் கடை வைத்திருந்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால், மெஷினில் உட்கார்ந்திருந்தபோதே இதயம் நின்று போய்விட்டார். அவர் போனில் ஏழு ஒலிப்பதிவுகள் இருந்தனவாம். அதில் இருக்கிற மெட்டை நோட்டாக எடுத்துத் தர வேண்டும் என்றார் டீச்சர். தம்பி பாடுவாரா என்று அவள் கேட்டதற்குப் பதில் வரவில்லை. "முதல்ல எடுத்துக் குடுங்கம்மா. அப்புறம் பேசலாம்" என்று எழுந்துவிட்டார். தம்பியை இழந்தவர், துருவக் கூடாது என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஏழு பதிவிலும் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு முனகல்.

நல்ல குரல். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியவில்லை. சிலருக்கு அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொன்றும் உறுத்தியது. ஏழாவது பதிவில் முனகல் ஒரே மூச்சில் ஐம்பத்தெட்டு வினாடி போகிறது. ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. எந்தத் தையல்காரருக்கு அப்படி ஒரு மூச்சு?

ஆனால் அந்த மெட்டு... கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு வருடமாகத் தன்னிடம் வராத மெட்டு அதுதான் என்று தோன்றியது.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது முடிவு செய்துவிட்டாள். ஆறு மெட்டை டீச்சருக்குக் கொடுப்பது. ஏழாவதில் ஒன்றும் தேறவில்லை என்று சொல்லிவிடுவது. செத்தவருக்குக் காது கேட்கவா போகிறது?

மணி 2.10. கதவைச் சாத்தினாள். ஏழாவது பதிவைத் திறந்து, தன் பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். மாற்றும் பொத்தானை அழுத்தினாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக நோட்டுகள் வந்து விழுந்தன. நாற்பத்தொன்று. எல்லாம் சரியான இடத்தில்.

மெஷின் இரைச்சல் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வடிகட்டிவிட்டு மறுபடி மாற்றினாள். மணி 2.14.

நாற்பத்திரண்டு.

கூடுதலாக வந்த நோட்டு, முனகல் முடிந்த பிறகு இருந்தது. அங்கே சத்தமே இல்லை. அழுத்தம் ஒன்பது. காதில் விழாத அளவு. குப்பைதான் என்று அழித்தாள்.

மறுபடி. 2.17.

நாற்பத்து மூன்று. இப்போது அழுத்தம் ஐம்பது.

அவளுக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. முனகல் முடிகிற இடத்திலேயே ஒலிப்பதிவைக் கத்தரித்தாள். அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. வெற்றிடம். அங்கிருந்து எந்த மென்பொருளும் எதையும் எடுக்க முடியாது.

மாற்றினாள். 2.21.

கத்தரித்த இடத்தைத் தாண்டியும் நோட்டுகள் போயின. ஒன்று... இரண்டு... ஆறு... திரை தானாக நகர்ந்தது. அழுத்தம் நூற்று இருபத்தேழு. அதற்கு மேல் எண்ணே கிடையாது.

அவள் எதையும் அழுத்தவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தது.

டக்... டக்... டக்...

தையல் மெஷின்.

பதிவைத்தான் ஓட விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். திரையைப் பார்த்தாள். எதுவும் ஓடவில்லை.

ஹெட்போனைக் கழற்றினாள்.

டக்... டக்... டக்...

சுவருக்குப் பின்னாலிருந்து இல்லை. கதவுக்கு வெளியேயிருந்தும் இல்லை.

நாற்காலிக்கு அடியில்.

குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

டக்கடக்கடக்கடக்...

நின்றது.

மணி 2.26.

எழப் பார்த்தாள். எழ முடியவில்லை.

எதுவோ இடுப்புக்குக் கீழே பிடித்து இழுத்தது.

கையை விட்டுத் தடவினாள். சுடிதாரின் ஓரம்... நாற்காலி மெத்தையோடு... சேர்த்துத் தைத்திருந்தது.

அவள் போட்ட கூச்சல் அந்த அறைக்குள்ளேயே அடங்கிவிட்டது. போனை எடுத்து அடுத்த அறையில் தூங்கிய கணவரைக் கூப்பிட்டாள். ஒன்பதாவது ரிங்கில் எடுத்தார். கைலியை இறுக்கிக்கொண்டு வந்தவர், விஷயம் புரியாமல் கத்தரிக்கோல் எடுத்துவந்து நூலை வெட்டினார். நெருக்கமான, ஒழுங்கான தையல். வெள்ளை நூல். அந்த வீட்டில் தையல் மெஷினும் கிடையாது, வெள்ளை நூல் கண்டும் கிடையாது.

"யாரு தெச்சது?" என்றார்.

கத்தரிக்காத அசல் பதிவைப் போட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். கடைசி வரை கேட்டார். "மிஷின் ஓடுது. அதுக்கென்ன?"

பாட்டு, பாட்டு என்றாள் அவள். இன்னொரு தடவை போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள்.

"மிஷின் சத்தம்தானேம்மா இருக்கு. பாட்டு எங்க?"

அவள் சண்டை போடவில்லை. தன் பெயரில் எடுத்த நகலை அவர் முன்னாலேயே அழித்தாள். 3.05-க்கு இசையமைப்பாளருக்குப் போன் செய்து, தன்னிடம் மெட்டு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்று வைத்துவிட்டார். அப்புறம் அவர் அவளுக்கு வேலையே தரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். கூடத்தில், கணவரை விழித்திருக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் பேசினாள். ஏழு மெட்டையும் அச்செடுத்த தாளைக் கொடுத்தாள். ஏழாவதைத் திருட நினைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. தாளில் இருந்த நோட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதுல பாட்டு இருக்கா? உங்களுக்குக் கேட்டுதா?"

கேட்டது என்றாள் அவள். டீச்சர் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகை ஓய வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவருக்கும் அதில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். தம்பியின் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், காட்டிய டாக்டருக்கும் அப்படித்தான். எல்லாருமாகச் சேர்ந்து, பாட்டு இருக்கிறது என்று சாதித்த தம்பிக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்களாம். முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லியிருந்தால் நீங்கள் என் மனதுக்காகப் பாட்டு இருக்கிறது என்று சொல்லியிருப்பீர்கள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்றார். இப்போது போதும், தம்பிக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்துவிட்டது, இனிமேல் தூக்கம் வரும் என்றார்.

அவளுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. உங்கள் தம்பி எதற்காகத் தன் முனகலைத் தானே பதிவு செய்தார் என்று கேட்டாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அது அவன் முனகினது இல்லம்மா. அவனுக்குப் பிறவியிலேருந்தே ரெண்டு காதும் கேக்காது. பேச்சும் கிடையாது."



கடையில் யாரோ பாடுகிறார்கள், எனக்குக் கேட்கிறது என்று முதல் நாள் தம்பி ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினாராம். நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு சத்தம். சந்தோஷம் தாங்கவில்லையாம். அக்காவும் கேட்கட்டும் என்றுதான் மெஷின் மேல் போனை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்.

டீச்சர் பைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தார். தம்பி விழுந்து கிடந்த அன்று, அவருடைய சட்டைப் பையில் இருந்ததாம். பென்சிலால், குண்டு குண்டான எழுத்தில் ஒரே ஒரு வரி.

"என் பேரைச் சொன்னா எப்படிக் கேக்கும்னு இன்னைக்குத் தெரிஞ்சுது அக்கா."