அசையாத பெட்ரோல் முள்

நீங்கள் என்னிடம் பொய் சொல்லித்தான் அந்த வண்டியை விற்றீர்கள். விழுப்புரத்தில் உங்கள் கடை வாசலில், பட்டப்பகலில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். உங்களுக்கு மறந்திருக்கும். தினம் பத்துப் பேரிடம் பேசுகிறவர் நீங்கள். எனக்கு மறக்கவில்லை.

நான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். குடியிருப்பது திண்டிவனம், வேலை பெருமுக்கல் பக்கத்துக் கிராமங்களில். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் ஊசி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உறைய வைத்த விந்தைத் திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கேன் சாயக் கூடாது. மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பாதை முழங்கால் சேறாகிவிடும், என் பழைய வண்டி அடி தட்டி நின்றுவிடும். அதனால்தான் அட்வெஞ்சர் பைக் தேடினேன். மலையேறிப் படம் பிடிக்க இல்லை. உயரமான வண்டி, பக்கத்துக்கொரு இரும்புச் சட்டம், அதில் கேன் அசையாமல் உட்காரும். புதிது வாங்க வழியில்லை, பழையது தேடி உங்களிடம் வந்தேன்.

நான் ஏமாளி இல்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஆர்சி புத்தகத்து எண்ணையும் இன்ஜினில் அடித்திருந்த எண்ணையும் சரிபார்த்தேன். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரி. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது பெட்ரோல் முள் மட்டும் போனபோது இருந்த இடத்திலேயே, பாதிக்குச் சற்று மேலே நின்றது. கேட்டேன்.

"சார், இது மலையேறுற வண்டி. ஏறி எறங்கும்போது முள்ளு ஆடக் கூடாதுன்னு மெதுவாத்தான் காட்டும். போகப் போகப் புரியும்" என்றீர்கள். கூடவே, சாதா பெட்ரோல் ஊற்றவே கூடாது, விலை கூடிய பெட்ரோல்தான் இந்த இன்ஜினுக்கு ஆகும் என்றும் சொல்லி அனுப்பினீர்கள்.

முள்ளைப் பற்றி நீங்கள் சொன்னதை நம்பினேன். பெட்ரோலைப் பற்றிச் சொன்னதை நம்பவில்லை. எதை விட வேண்டுமோ அதைப் பிடித்துக்கொண்டேன்.

பெட்ரோல் விஷயம் என்னை விடவில்லை. பங்கில் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது வருவது பெட்ரோலே இல்லை, சாராயம் என்றார். யார் சொல்வது நிஜம் என்று நானே பார்த்துவிட முடிவு செய்தேன். அளவுக்கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று என்னிடம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளியில் உட்கார்ந்து, குழாயில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கோட்டைக் குறித்துக்கொண்டேன். மேலே சாதா பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கி, நிற்க வைத்தேன்.

தெளிந்தபோது அடியில் இருந்த தண்ணீர் நான் குறித்த கோட்டுக்கு மேலே நின்றது. நான் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை, ஆனால் தண்ணீர் வளர்ந்திருந்தது. கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் வளர்ந்தது. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. விலை கூடிய பெட்ரோலையும் வாங்கிவந்து செய்தேன். அதிலும் வளர்ந்தது. என் மனைவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, மாட்டை விட்டுவிட்டு இப்போது பெட்ரோலுக்குச் சினை பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். விலை கூடிய பெட்ரோல், அழுத்தம் அதிகமான இன்ஜினில் தட்டல் சத்தம் வராமல் இருக்கத்தான், இது அழுத்தம் குறைந்த பொறுமையான இன்ஜின், இதற்குச் சாதாவே போதும் என்றார். பழைய வண்டி என்பதால் எத்தனாலைத் தாங்காத ரப்பர் குழாய்களை மட்டும் மாற்றிக் கொடுத்தார். சரியான பெட்ரோலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

முள் அசையவே இல்லை. ஒரு நாள் அது பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி காலி டேங்கோடு நின்றது. உங்களுக்குப் போன் செய்தேன். பார்க்கலாம், கொண்டு வாங்க என்றீர்கள். விழுப்புரத்துக்கு வந்து ஒரு நாளை விட எனக்கு முடியவில்லை. அப்போதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் வேலையில் கேனுக்குள் நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் குச்சி உண்டு. உள்ளே விட்டு எடுத்து, காற்றில் வீசினால் நைட்ரஜன் இருந்த உயரம்வரை வெள்ளையாகப் பனி படியும். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். கையில் குச்சி இருக்கிறதே என்று, அதையே துடைக்காமல் பெட்ரோல் டேங்கிலும் விட்டுப் பார்த்தேன். மழைக்காலம் முழுக்கத் தினமும். சில நாள் இரண்டு மூன்று முறை.

பெருமுக்கல் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். நிலம் கிடையாது, கூலிக்குக் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கப் போகிறவர். ஒரே ஒரு மாடு. இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும். அந்த நேரம் போனால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது முறை மாடு கத்தியபோது அந்த அம்மா விடியுமுன்பே போன் செய்தார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து கத்திக்கினே கீது டாக்டரு. காலையிலயே வந்துடுங்க. இந்தத் தபா நிக்கலன்னா மலட்டு மாடுன்னு முடிவு கட்டிடுவாங்க."

விடிந்ததும் குச்சியைக் கேனில் விட்டேன், டேங்கில் விட்டேன், கிளம்பினேன். மரக்காணம் சாலையில் பாதி தூரத்தில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றது. எத்தனை முறை ஸ்டார்ட் செய்தும் பிடிக்கவில்லை. வந்த பஸ்ஸில் நைட்ரஜன் கேனைப் பார்த்துவிட்டு ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். கடைசியில் ஒரு லோடு வண்டியில், மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மாடு படுத்து அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க டாக்டரு. சாப்புட்டுட்டு மெதுவா வந்திருக்கலாமே" என்றார் அந்த அம்மா.

ஊசி போட்டேன். நிற்பது சந்தேகம் என்பதையும் சொல்லிவிட்டேன்.

மெக்கானிக் டேங்கின் அடியில் இருந்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தார். மேலே பெட்ரோல், கீழே கலங்கலாக வேறொன்று. என் கண்ணாடிக் குழாயில் பார்த்த அதே கோடு. குச்சியில் படிந்த பனி உருகிச் சொட்டுச் சொட்டாக டேங்கில் இறங்கி, எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சொட்டாகப் போனது அடியில் தேங்கி நின்றது. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆசையாக வேடிக்கை பார்த்ததை, என் டேங்குக்குள்ளேயே தினமும் செய்திருக்கிறேன். தெரிந்தவனே செய்தேன். அதுதான் அவமானம்.

பிறகு அவர் மீட்டரைத் திறந்தார். முள்ளின் அடியில் ஒரு துளி பசை, காய்ந்து மஞ்சளாகியிருந்தது. முள் பழுதாகவில்லை. பாதிக்கு மேலே வைத்து ஒட்டியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மாடு மறுபடி கத்தியது. எனக்குப் போன் வரவில்லை. வேறு வேலையாகப் போனபோதுதான் தெரிந்தது. மலட்டு மாடு என்று ஊரே பேசிவிட்டது, அடிமாட்டுத் தரகர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் தாமதமாக வந்ததுதான் காரணம், மாட்டின் மேல் குறையில்லை என்றேன். "என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? பால் சொசைட்டில வந்து சொல்லுங்க. அங்கதான் பேசிக்கினு கீறாங்க" என்றார்.

மறுநாள் காலை, பால் ஊற்ற எல்லாரும் வரிசையில் நிற்கும் நேரத்தில் போய் நின்றேன். அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குச்சி, பனி, முள் எல்லாவற்றையும் சொன்னேன். என் புத்தி கெட்டதால் வண்டி நின்றது, அந்த அம்மா மாட்டுக்கு நேரம் தப்பியது என்றேன். வரிசையில் இருந்த ஒருவர் சிரித்தார். குச்சியில் ஒட்டின பனிக்கு வண்டி நிற்குமா, டாக்டர் அந்த அம்மாவுக்காகப் பேசுகிறார் என்றார். அவருக்கு உங்களைத் தெரிந்திருந்தது. அங்கேயே உங்களுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"முள்ளு நல்லாத்தான் வேல செஞ்சிது. ஓட்டத் தெரியாதவன் சொல்ற கத அது" என்றீர்கள்.

வரிசை சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. பால் தூக்கைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் கதை பொய்யானால் மற்றதும் பொய், மாடு மலடு என்றாகிவிட்டது. தரகரிடம் அந்த அம்மா இன்னும் ஒரு பருவம் தவணை கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் அந்த மாட்டுக்கு இருக்கும் நேரம்.

முள் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். பழுது என்று சொல்லியிருந்தால் முதல் வாரமே மாற்றியிருப்பேன், குச்சியை உள்ளே விட்டிருக்க மாட்டேன். விட்டது நான்தான். அதை ஊர் முன்னால் ஒத்துக்கொண்டுவிட்டேன். மீட்டரைத் திறந்த நிலையிலேயே வைத்திருக்கிறேன், பசை அப்படியே இருக்கிறது. போனில் வேண்டாம். காலையில், பால் ஊற்றும் நேரத்தில், அதே சொசைட்டி வாசலுக்கு வாருங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்த அத்தனை பேர் முன்னாலும், அந்த அம்மா முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள். அந்தப் பசையை வைத்தது யார்?