குதிகால் கோடு

மெர்வின் டாகெட் காலணிகளைக் கழற்றி, இரண்டின் நாடாக்களையும் ஒன்றாக முடிந்து கழுத்தில் போட்டுக்கொள்கிறார். காலுறைகளை உருட்டிச் சட்டைப் பையில் வைக்கிறார். இஸ்திரி மடிப்புக் கலையாமல் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டுகிறார். பிறகு மணலில் இறங்கி நிற்கிறார். என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். நிற்கிறார், அவ்வளவுதான். பக்கத்தில் நான் கொதித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

டன்னிங் முனை கவுன்சிலில் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் படப்பிடிப்பு அனுமதி தருபவர் இவர்தான். சினிமாக்காரர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். ஆகவே இந்த மனிதர் எப்போது வாயைத் திறப்பார் என்று காத்திருப்பதிலேயே என் ஆயுளில் பாதி போகிறது.

திறந்தால் கேள்விதான். "நாய் வந்தா என்னம்மா பண்ணுவ?"

"பிடிச்சு ஓரமா நிறுத்தி வைப்போம், மெர்வின்."

"எதுக்குப் பிடிக்கணும்? காலையில கட்டாம விடலாம்னு போர்டு வச்சிருக்கு. அது ஓடுற நேரம் அது. நீதான் ஓரமா நிக்கணும்."

ஒரு தடவை பளபளவென்று புதுக் காரைக் கொண்டுவந்து விளம்பரம் எடுக்க நின்றோம். அந்த நேரம் பார்த்து ஒருவர், தூண்டிலுக்குப் புழு பிடிக்க, அழுகிய மீனைப் பழைய காலுறையில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு வந்தார். அந்த நாற்றத்துக்குத்தான் மணலுக்குள் இருக்கும் புழு தலையை நீட்டுமாம். கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்கள் என்று மெர்வினிடம் கெஞ்சினேன். "புழு எங்க இருக்கோ அங்கதானம்மா பிடிக்க முடியும். காரை எங்க வேணா நிறுத்தலாம்" என்றார். அந்த ஆள் நிதானமாக ஒவ்வொரு புழுவாக இழுத்து முடிக்கும்வரை, இருபது பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். மெர்வின் மட்டும் அவரிடம் போய், எத்தனை கிடைத்தது என்று விசாரித்தார்.

பூங்காவில் இன்னும் மோசம். சாப்பாட்டுக் கூடாரம் போட்டால் புல்லுக்கு மூச்சு முட்டுமாம். சனிக்கிழமை கேட்டால் முடியாது என்று தலையை ஆட்டிவிடுவார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு விடியும் முன்பே வந்து, கறி சுடும் அடுப்புப் பக்கத்து மேசையில் பலூன் கட்டி இடம் பிடிப்பது இங்கே வழக்கம். ஆள் இருக்காது, பலூன் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பலூனை என் லைட்டுக்காரன் ஒரு முறை அவிழ்த்துப் பக்கத்து மேசையில் கட்டிவிட்டான். மெர்வின் அவனைக் கூட்டிக்கொண்டு போய், பழைய இடத்திலேயே திரும்பக் கட்ட வைத்தார். "முடிச்சு அப்படி இல்லப்பா, ரெட்டை முடிச்சா இருந்துச்சு" என்று வேறு திருத்தினார்.

மதியம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் சாப்பிடுவார். கடற்காகங்கள் சுற்றி வளைத்துக் கத்தும். ஒரு துணுக்குப் போடமாட்டார். பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்ற பலகையை வைத்தவரே அவர்தானே. ஆனால் அவற்றிடம் சமாதானம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். "எனக்கே பத்தலடா. போ, போய்க் கடல்ல பாரு."

இப்படிப்பட்டவரிடம்தான் பெட்ரா டிமெக்கின் படம் போய் மாட்டியது. பெட்ரா வீட்டை அடமானம் வைத்து எடுக்கும் முதல் படம். கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. புருஷன் செத்த பிறகு கடல் பக்கமே போகாத ஒரு கிழவி, ஒரு விடிகாலையில் கைத்தடியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் நடக்கிறாள். நடிப்பவர் கோரலி வான்ஸ். எழுபத்தெட்டு வயது. அடுத்த வாரம் அவருக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு எப்போது நடப்பார், நடப்பாரா என்பதே தெரியாது. வியாழக்கிழமை காலையை விட்டால் படத்துக்கு முடிவே இல்லை.

அனுமதி கையில் இருந்தது. நாயும் பலூனும் பேசி முடித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் மாலை மணலில் நின்றுகொண்டு மெர்வின் சும்மா கேட்டார்: "அந்தம்மா எது வரைக்கும் நடக்குது?"

"தண்ணிக்குள்ள."

"நடைனுதானம்மா சொன்ன, தண்ணின்னு சொல்லலயே. அப்போ இந்தப் பர்மிட் செல்லாது."

கரையோரம் ஒதுங்கிக் கிடந்த கடற்பாசியைக் காட்டினார். "ஏறுற தண்ணி அது வரைக்கும்தான் வரும். அதுக்கு மேல காய்ஞ்ச மணல் கவுன்சிலோடது. கீழ ஈர மணல் மாநில அரசோடது. அவங்ககிட்டத்தான் கேட்கணும். மூணு வாரம் ஆகும், சீக்கிரம் குடுத்தா."

எனக்குத் தெரியாத சட்டமா? தெரியும். இந்த நீளக் கடற்கரை முழுக்க எந்த ஊரிலும் எவரும் கேட்டதில்லை, நானும் மறந்து தொலைத்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

"கோட்டைக் கொஞ்சம் கீழ தள்ளிக்கிட்டா என்ன, மெர்வின்? யாரு பார்க்கப் போறா?"

"கோடு நான் போடுறதில்லம்மா. கடல் போடுது. நான் காட்டுறேன், அவ்வளவுதான். உனக்குத் தள்ளுனா, நாளைக்கு வர்றவன் லாரியை இறக்குவான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடல்ல இறங்க மனுஷங்களுக்குப் பர்மிட் வேணாம். அந்தம்மா தாராளமாப் போகட்டும். கேமரா மேலயே நிக்கட்டும்."

கூடவே நின்ற பெட்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மாம் தூரத்துல இருந்து முதுகை எடுக்கவா வீட்டை அடகு வச்சேன்? எனக்கு அந்த முகம் வேணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த ஆளைக் கடல்ல தள்ளுறதுக்கு எந்த ஆபீஸ்ல பர்மிட் குடுப்பாங்க, ரொவீனா?" என்றாள்.

மெர்வின் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் ஈர மணல்தான். மாநில ஆபீஸ்" என்றார்.

காலையில் நாங்கள் வரும் முன்பே அவர் வந்துவிட்டிருந்தார். பாசி ஒதுங்கிய இடத்தை ஒட்டிக் குதிகாலால் நீளமாகக் கோடு கிழித்து வைத்திருந்தார். கடல் வற்றி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கோட்டுக்கு மேலே கேமராவை வைத்தோம். எல்லோருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கோரலி கைத்தடியைப் போட்டுவிட்டு நடந்தார். ஈர மணலில் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அந்த முகம் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை.

"ஏம்ப்பா," என்று கூப்பிட்டார். அது வசனம் இல்லை. "நான் ஒருத்தியேதான் போகணுமா? கூட யாரும் வர மாட்டீங்களா?"

கேமராக்காரர் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலே எட்டில் கோட்டுக்கு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் மெர்வினைப் பார்த்தோம். தாண்டச் சொல்லிக் கத்தப் பெட்ரா வாயைத் திறந்துவிட்டாள். தாண்டினால் பிடித்து நிறுத்துவார், அது நிச்சயம்.

மெர்வின் கோரலியைப் பார்த்தார். பிறகு குதிகாலைக் கோட்டின் மேல் வைத்தார். கேமராக்காரரின் கால்விரலுக்கு முன்னால் மணலை அழுத்திக் கீறியபடி, கடலை நோக்கி அந்தக் கோட்டை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"வாங்க. கோட்டைத் தாண்டாம வாங்க."

கேமரா நகர்ந்தது. படத்துக்குள் விழாதபடி ஓரமாகக் குனிந்துகொண்டு, ஓர் அடி முன்னால் கோடு கிழித்துக்கொண்டே போனார் மெர்வின். ஈர மணல் வந்தது. நுரை வந்து கோட்டை அழித்தது. மறுபடி கிழித்தார். கோரலியின் முகம் பக்கத்தில் வந்தது. அவர் கடல் பக்கம் திரும்பி நடந்தார், கேமராவும் கூடவே போனது. சுருட்டிவிட்ட இஸ்திரி மடிப்புவரை தண்ணீர் ஏறி, கழுத்தில் தொங்கிய காலணிகள் நெஞ்சில் மோத, முழங்காலுக்கு மேல் கடலில் நின்றும் அந்த மனிதர் விடவில்லை. தண்ணீருக்கடியில் குதிகாலை இழுத்துக்கொண்டே போனார்.