ஆவரங்குளத்துக் குடம்

சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு கன்றுக்குட்டிக்குக் குடற்புழு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வந்த பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே சொன்னார். "டாக்டரய்யா, கண்காட்சி அண்ணாச்சி விடியக்காலம் போயிட்டாவ." மருந்து பாதி கன்றின் வாயிலும் பாதி என் சட்டையிலுமாகப் போயிற்று. அப்படியே கிளம்பிவிட்டேன்.

கண்காட்சி அண்ணாச்சி என்றால்தான் எங்கள் கால்வாய்க்கரை ஊர்களில் அவரைத் தெரியும். ஆண்டுதோறும் நடந்த விவசாயக் கண்காட்சிக்கு அவர்தான் செயலாளர். எல்லா ஊராரும் கூடிக் கால்வாயைத் தூர்வாரிய காலத்தில், புதுத் தண்ணீர் வந்ததும் மாடுகளைக் குளிப்பாட்டி நிறுத்திப் பெருமையடித்ததுதான் அதன் தொடக்கம். பிறகு வாழைத்தார் வந்தது, கரும்பு வந்தது, பந்தலும் அதிகாரிகளும் வந்தார்கள். நாளும் தை மாதத்துக்கு மாறியது. ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. தலைமடையிலிருந்து கடைமடைவரை ஒவ்வோர் ஊரும் தன் வயலுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்து ஒரே அண்டாவில் ஊற்றவேண்டும். அதில் பொங்கல் வைத்துத் தின்ற பிறகே போட்டிகள் தொடங்கும். அடுப்பைப் பற்றவைக்கும் முன் அண்ணாச்சி தொண்டை கிழியக் கேட்பார். "எல்லா ஊர்த் தண்ணியும் வந்துட்டா வே?" கூட்டம் "வந்துட்டு, வந்துட்டு" என்று கத்தும்.

மாடுகளுக்கு நான் நடுவர். முதல் வருஷம் ஒரு பெரிய பண்ணையாரின் காளை முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிட்டேன். அண்ணாச்சி பின்னால் வந்து காதைக் கடித்தார். "மாட்டப் பாரும் வே. மாட்டுக்காரன் மூஞ்சிய என்னத்துக்குப் பாக்கேரு?" பூசணிக்காயில் தேங்காய் எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்திருந்த ஒருவரிடம், "தலைவாரிப் பூ வைக்க மறந்துட்டீரோ?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றென்று கால்வாய்க்கரைக்காரர்களான உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல இருந்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மழை பொய்த்த ஒரு வருஷத்துத் தை மாதம், அண்ணாச்சியின் சொந்த ஊரான, கடைசிக்கு முந்தைய கடம்பன்பத்தின் ஆட்கள் தங்கள் மடைக்குக் கீழே கால்வாயில் மணல்மூட்டை போட்டுத் தண்ணீரை மறித்துக்கொண்டார்கள். கடைசி ஊரான ஆவரங்குளத்தில் நெல் கதிர் வாங்கும் நேரம். அந்த ஊர்க் குடத்தை வழக்கமாகக் கொண்டுவரும் வேலம்மாள் அன்றும் வந்தாள். குடத்தை அண்டாவின் மேல் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. "எங்க ஊருக்கு வந்த தண்ணி இம்புட்டுத்தான் அண்ணாச்சி" என்றாள்.

அண்ணாச்சியின் மைத்துனர் பதறி ஓடிவந்தார். "அத்தான், அதிகாரிமாரு வார நேரம். நம்ம குடத்துலேர்ந்து பாதிய அவ குடத்துல விட்டு, அண்டாவுல ஊத்தச் சொல்லும். முடிஞ்சுது சோலி."

"பயிருக்கும் அப்படி ஊத்துவியா மாப்ள?" என்று கேட்டுவிட்டு, அண்ணாச்சி அடுப்பில் அடுக்கியிருந்த விறகை ஒவ்வொன்றாக உருவி வெளியே போட்டார். "மூட்டைய எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் அடுப்பு எரியாது."

யாரும் போகவில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சியே கால்வாயில் இறங்கி மூட்டைகளை இழுத்துப் போட்டார். அவர் வீடு போய்ச் சேருமுன் அவை மறுபடியும் பழைய இடத்தில் இருந்தன. ஆவரங்குளத்தில் கதிரெல்லாம் பதராகி, வயலில் ஆட்டை விட்டு மேய்த்தார்கள். கண்காட்சி அதோடு நின்றது. அது நடந்த திடலில் இப்போது செங்கல் சூளை புகைகிறது. சொந்த ஊர் அவரைக் கண்காட்சியைக் கெடுத்தவன் என்றது. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சு காலியாகும். கல்யாணப் பத்திரிகை அவர் வாசலைத் தாண்டிப் போகும்.

"வருத்தமில்லையா அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லாம? எங்கய்யா காலத்துலேர்ந்து நடந்தது, என் கையாலே போச்சே. தூக்கமே வரமாட்டேங்கு. ஆனா அந்தப் பிள்ள காலிக் குடத்தோட நிக்கும்போது பொங்கல் எப்படிவே தொண்டையில எறங்கும்?"

சாவு வீட்டில் அவர் ஊர்க்காரர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். மைத்துனர் தலையைக் காட்டவில்லை. குளிப்பாட்டும் தண்ணீருக்காக ஆற்றுக்கு நீர்மாலை எடுக்கப் போனபோது, பங்காளிகள் பத்துக் குடம் தூக்கவேண்டிய இடத்தில் மகன் மட்டும் ஒற்றைக் குடத்தோடு போய்வந்தான்.

அந்த நேரத்தில்தான் வேலம்மாள் வந்தாள். இடுப்பில் அதே பித்தளைக் குடம். பஸ்ஸில் தளும்பாமலிருக்க வாயைத் துணியால் கட்டியிருந்தாள். "இந்த வருசம் எங்க ஊருக்குத் தண்ணி வந்துட்டு அண்ணாச்சி" என்று அவரிடமே சொல்லிவிட்டு, மகனைப் பார்த்து, "வாங்கிக்கோ தம்பி" என்றாள். பங்காளி அல்லாதவர் தண்ணீரை வாங்கலாமா என்று அவன் தயங்கினான். நான்தான் வாங்கி அவர் தலையில் ஊற்றினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். எல்லா ஊர்த் தண்ணியும் வந்துட்டா வே?

இல்லை அண்ணாச்சி. ஆவரங்குளத்துத் தண்ணி மட்டும்தான் வந்தது.